கடைசிக் கண்ணியில் ஓர் ஊக்கு

அந்த அக்கா எந்த வேலையையும் முடித்து நான் பார்த்ததில்லை. டிபன் டப்பாவில் இரண்டு வாய் மிச்சம் இருக்கும்போதே மூடிவிடுவாள். காபி வாங்கிக் கொடுத்தால் அடியில் ஒரு மடக்கு நிற்கும். பேச்சும் அப்படித்தான். மாலை வண்டியில் ஏகாம்பரகுப்பம் வந்ததும் சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டு இறங்கிப் போவாள். மறுநாள் காலை ஏறி உட்கார்ந்ததும், முகத்து வியர்வையைக்கூடத் துடைக்காமல், "அதான் சொல்ல வந்தேன்" என்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பாள். நடுவில் ஒரு ராத்திரி போனது அவளுக்குக் கணக்கிலேயே இல்லை. அவளிடம் பின்னல் வேலை சொல்லி வைத்து ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி. அதனால் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடுதான் இதைச் சொல்கிறேன்.

எங்களுடையது ரயில் சிநேகிதம். நான் நகரியில் ஏறுவேன், அவள் அடுத்ததாக ஏகாம்பரகுப்பத்தில். அவளுக்காக ஜன்னலோரத்தில் என் சாப்பாட்டுப் பையை வைத்து இடம் பிடித்து, அதற்காகத் தமிழிலும் தெலுங்கிலும் பலபேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். திருப்பதியில் நான் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தேன். அவள் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்குத் தமிழ் டைப் அடிப்பவள். சம்பந்தி வீடு தெலுங்காக இருந்தாலும் பத்திரிகையில் ஒரு பக்கம் தமிழ் வேண்டும் என்பார்கள் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள். அந்த ஒரு பக்கத்தில்தான் அவள் பிழைப்பு ஓடியது. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டே விட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"ஊருக்கெல்லாம் அடிச்சி அடிச்சி சலிச்சிப் போச்சிம்மா" என்றாள்.

வண்டி நகர்ந்ததும் பையிலிருந்து குரோஷா ஊசியும் உல்லன் நூலும் வெளியே வரும். ரேணிகுண்டாவுக்கு முன்னால் எங்கள் பாசஞ்சரை ஓரங்கட்டிவிட்டு எக்ஸ்பிரஸ்களை விடுவார்கள். நாங்கள் எல்லோரும் ரயில்வேயைத் திட்டிக்கொண்டிருப்போம், அவள் பின்னிக்கொண்டிருப்பாள். வண்டி நின்றால் அவளுக்குச் சந்தோஷம் என்றே நினைக்கிறேன். திருப்பதி வந்ததும் வளையலில் தொங்கும் ஊக்குகளில் ஒன்றைக் கழற்றிக் கடைசிக் கண்ணியில் குத்திப் பைக்குள் போட்டுவிடுவாள். குரோஷா தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடைசிக் கண்ணிக்குள் நூலை விட்டு இறுக்கி முடி போட்டால்தான் அது துணி. போடாமல் விட்டால், நுனியைப் பிடித்து ஒரே கையால் இழுத்தால் போதும், ஒரு மாத வேலை கொஞ்ச நேரத்தில் வெறும் நூலாகிவிடும். அந்த முடியை அவள் போட்டதே இல்லை. எப்போதும் ஊக்குதான்.

"யாருக்குக்கா இது? நல்லா வருதே."

"யாருக்கோ. ஆயிடும்."

'ஆயிடும்' என்பது அவள் வாயில் ஓயாமல் வரும் சொல். வீட்டில் மாவு இல்லையா, ஆயிடும். முதலாளி நூறு பத்திரிகையைத் திருப்பிப் போடச் சொல்கிறாரா, ஆயிடும். சொல்லும்போது முகத்தில் நம்பிக்கை எதுவும் இருக்காது. அலுத்துப்போனவர்கள் கொட்டாவி விடுவது போல அதைச் சொல்வாள்.

ஆனால் எதுவும் ஆனதாக நான் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை முழங்கை நீளம் இருந்த சால்வை திங்கட்கிழமை ஒரு சாண் ஆகியிருக்கும். பூ வேலை பிடிக்காமல் பிரித்துப் போடுகிறாள் போல என்று முதலில் நினைத்தேன். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு, "இன்னாக்கா, உன் சால்வை வளர்றதுக்குப் பதிலா தேயுது?" என்று கேட்டேன். அன்றுதான் அவள் நைனாவைப் பற்றி, அதாவது அப்பாவைப் பற்றி, சொன்னாள்.

அவர் நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர். சித்தூர் மண்டியிலிருந்து மாம்பழம், பலமநேரிலிருந்து தக்காளி, எதை ஏற்றினாலும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவது அவர்தான், போய்ச் சேர்ந்த ஊரில் அவிழ்ப்பதும் அவர்தான். கிளீனரை நம்பமாட்டார். இப்போது நினைவு தப்பிவிட்டது. ஆனால் ஊர் வந்துவிட்டது, லோடு இறக்க வேண்டும் என்பது மட்டும் தப்பவில்லை. அதனால் கண்ணில் பட்ட கட்டுகளையெல்லாம் அவிழ்ப்பார். துணி காயப்போடும் கயிறு, நாடாக் கட்டில், மூட்டை, மகளின் புடவைத் தலைப்பு முடிச்சு. பக்கத்து வீட்டு மாட்டை இரண்டு தடவை அவிழ்த்துவிட்டார். இரண்டாம் தடவை அது ரயில்வே கேட்டில் போய் நின்று, எங்கள் வண்டியே பத்து நிமிஷம் தாமதமாயிற்று.

"ஊரு இன்னும் வரல நைனான்னு சொல்லிப் பாப்பேன். வந்திடுச்சிம்மா, நீ தூங்கிட்டேன்னுவாரு" என்றாள்.

பகலில் அந்த மாட்டுக்காரம்மாவே பெரிய மனது பண்ணி அவரைப் பார்த்துக்கொண்டாள். மாலையில் அக்கா வீட்டுக்குப் போனதும் அவர் பொறுப்பு முழுக்க இவளுடையது. ஒருநாள் தெரியாத்தனமாகப் பின்னலை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுச் சமைக்கப் போயிருக்கிறாள். வந்து பார்த்தால் மனிதர் நூலை இழுத்தபடி அமைதியாக உட்கார்ந்திருந்தாராம். அப்படி ஒரு நிம்மதியான முகத்தை அவரிடம் பார்த்து வருஷமாயிற்றாம். அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. ஏழு மணிக்கு ஊக்கைக் கழற்றி நுனியை அவர் கையில் கொடுப்பாள். அவர் ஒன்பது மணி வரை அவிழ்ப்பார். அந்த இரண்டு மணி நேரம் எதிரே உட்கார்ந்து இவள் எழுதுவாள்.

ஆமாம், அக்கா எழுதுகிறவள். அச்சகத்தில் பிழையாகிப்போன பத்திரிகைகளைக் கட்டாக வீட்டுக்குக் கொண்டுபோய், பின்பக்கத்தில் எழுதுவாள். முன்பக்கம் யாரோ ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும், பின்பக்கம் அவளுடைய நாவல்.

"எதைப் பத்திக்கா?"

"ஒரு லாரியப் பத்தி."

"லாரியப் பத்தி நாவலா? யார் படிப்பாங்க?"

"லாரிக்காரங்க படிக்கட்டுமே" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நைனா அவுக்கறதுக்கு நான் பின்றேன். அவர் அவுக்கற நேரத்துல எழுதறேன். எப்பவும் அதே நூலுதாம்மா" என்றாள். நான் கேலி செய்ய வாயெடுத்தேன். அதற்குள் அவள் கை கண்ணில் பட்டது. ஊசி பிடிக்கும் விரல் சிவந்து வீங்கியிருந்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் அவளிடம் ஸ்வெட்டர் கேட்டது என் தப்புதான். என் தங்கைக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. எங்கள் வீட்டில் தொட்டில் போடும் நாள் வரைக்கும் குழந்தைக்குப் பழைய வேட்டித் துணிதான். முதல் புதுத்துணியை அன்றைக்குத்தான் போடுவோம். அது மார்கழிக் குளிர். ஒரு மஞ்சள் ஸ்வெட்டர் பின்னித் தருகிறாயா என்று கேட்டேன்.

"எங்கிட்டயா கேக்கற?" என்று சிரித்தாள். ஆனால் ஒத்துக்கொண்டாள். நைனா கண்ணில் படக்கூடாது என்று அந்த மஞ்சள் நூலை அச்சக அலமாரியிலேயே வைத்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பின்னினாள். நான் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்துவிட்டேன்.

தொட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய வாரம் அவளுக்கு என்ன சனி பிடித்ததோ. சென்னைப் பத்திரிகை ஒன்றின் நாவல் போட்டிக்குச் சனிக்கிழமை மதியம் கடைசி. ஆறு வருஷமாக எழுதுவதை இந்தத் தடவை அனுப்பியே தீருவது என்றிருந்தாள். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. திங்கட்கிழமை, நைனா ஸ்டூல் மேல் ஏறி ஜன்னல் திரைக் கயிற்றை அவிழ்க்கப் போய் விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் யாரும் யோசிக்கமாட்டார்கள், நேராகப் புத்தூர்தான். செவ்வாய்க்கிழமை அவள் லீவு போட்டு அழைத்துப்போனாள். மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளை பூசி, துணி சுற்றிக் கட்டி அனுப்பினார்கள். புதன்கிழமை காலை வண்டியில் ஏறியவள் உட்காரக்கூட இல்லை.

"அவுத்துட்டாரு" என்றாள்.

பெட்டியே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். கண்ணில் பட்டதையெல்லாம் அவிழ்க்கிற மனிதருக்குத் துணிக்கட்டைப் போட்டு வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறோமே என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்றைக்கு அரை நாள் அச்சகத்தில் இருந்துவிட்டு மறுபடியும் புத்தூருக்கு ஓடினாள். கட்டுப் போடுகிறவர் கோபித்துக்கொண்டாராம். "சூடு தல்லி, பாரும்மா, இன்னொரு வாட்டி அவுத்தாருன்னா கை கோணலாத்தான் சேரும். அப்புறம் எங்கிட்ட வராதே" என்றாராம். பத்து நாளாவது கட்டு அசையக்கூடாது.

அதாவது, பத்து நாளைக்கு அந்த வலது கைக்கு அவிழ்க்க வேறு ஏதாவது இருந்துகொண்டே இருக்க வேண்டும். வியாழக்கிழமை எங்கள் பெட்டியில் ஒரு கூத்து நடந்தது. ஒருத்தி சணல் கயிறு கொண்டுவந்தாள். பெண்கள் எல்லோரும் ஆளுக்கொரு துண்டை வாங்கி முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு அக்காவின் பையில் திணித்தோம். பிரயோஜனமில்லை. ஒற்றைக் கையால் முடிச்சு அவிழவில்லையாம். கோபம் வந்து புத்தூர்க் கட்டையே பல்லால் கடிக்கப் போய்விட்டாராம். குரோஷா பின்னல் ஒன்றுதான் ஒற்றைக் கைக்கு வசப்பட்டது. வீட்டிலிருந்த சால்வை, டிவி மேல் விரித்த உறை, வாசல் தோரணம் எல்லாம் பகலும் இரவுமாகப் போய்க்கொண்டிருந்தன. அவள் வண்டியில் பின்னிக்கொண்டே வந்தாள். பின்னிய வேகத்தைவிட அவர் அவிழ்க்கும் வேகம் அதிகம்.

வெள்ளிக்கிழமை மாலை அவள் மஞ்சள் ஸ்வெட்டரை எடுத்துக் காட்டினாள். இரண்டு கையும், கழுத்தும், ஓரத்தில் சின்னப் பூ வேலையும் எல்லாம் இருந்தது. பட்டன்கள் ஒரு காகிதத்தில் தனியாக மடித்திருந்தன. நான் மடியில் வைத்துக்கொண்டு தடவிப் பார்த்தேன். அடியோரத்தில் ஊக்கு தொங்கியது.

"வீட்டுல போய் பட்டன் தெச்சி, முடி போட்டுட்டேன்னா ஆச்சி" என்றாள். "எழுதறதுக்கு ரெண்டு மணி நேரம் கெடச்சிட்டா அதுவும் ஆயிடும். நாளைக்கு அடிச்சி அனுப்பிடுவேன்."

"தூங்கறியாக்கா?"

"தூக்கமும் பாதியிலதாம்மா நிக்குது" என்றாள். ஏகாம்பரகுப்பம் வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பெரிய வயசாளி மாதிரி இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். தலைகூடச் சரியாக வாரியிருக்கவில்லை. கையில் துணிக்கடைப் பை. நான் எல்லோருக்கும் முன்னால் ஆசையாக வாங்கிப் பிரித்தேன். உள்ளே மஞ்சள் நூல் சேமியா மாதிரி சுருள்சுருளாகக் கிடந்தது. பட்டன் காகிதம் மடித்தது மடித்தபடியே இருந்தது.

"மன்னிச்சிக்கம்மா" என்றாள். "வெள்ளிக்கிழம எழுத உக்காந்தேன். நைனா கட்டு மேல கை வெச்சாரு. வீட்டுல அவுக்கறதுக்கு வேற ஒண்ணும் பாக்கி இல்ல."

அவளுக்கு ஒரு வழி விடலாம் என்று, "அவராவே எடுத்துக்கினாரா?" என்று கேட்டேன்.

"இல்ல. நான்தான் கொடுத்தேன். ஊக்க நான்தான் கழட்டனேன்."

"கொஞ்ச நேரம் அவர் கையப் புடிச்சிக்கினு உக்காந்திருக்கக் கூடாதாக்கா?"

"உக்காந்திருந்தா சட்ட இருந்திருக்கும். கத இருந்திருக்காது" என்றாள்.

சமாளிப்பாக எதையாவது சொல்லியிருந்தால் நான் ஆறியிருப்பேன். அந்த உண்மை எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஒன்பது வருஷம் காத்துப் பெற்ற குழந்தையின் முதல் துணியைவிட, யாரும் படிக்காத ஒரு லாரிக் கதை இவளுக்குப் பெரிதாகப் போயிற்றா? "சரி, இந்த நூலைத் தொட்டில்ல போட்டு ஆட்டட்டுமா?" என்று சத்தமாகவே கேட்டேன். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள். இலையில் உட்கார்ந்தாள், இரண்டு வாய் சாப்பிட்டாள், நைனா தனியாக இருக்கிறார் என்று நூல் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

திங்கட்கிழமை நான் இடம் பிடிக்கவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் ஏறினாள், பார்த்தாள். திருப்பதி வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாள். பிடிக்க ஒரு கை போய்விட்டதால் பின்னவும் முடியவில்லை. மூன்று வாரம் இப்படிப் போயிற்று. அவளுடைய ஒரு வேளை நூலை நான் ஒவ்வொரு நாளும் பிடுங்கிக்கொண்டிருந்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நாலாம் வாரம் ஒருநாள் அவள் நைனாவையும் கூட்டிக்கொண்டு ஏறினாள். நினைவுக்கு மருந்து கேட்கத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களாம். பெரியவருக்கு இடம் விட்டு நகர்ந்தேன். கட்டு பிரித்தாகிவிட்டது. இடது கையைத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். நேராக இருந்தது, கோணல் கொஞ்சமும் இல்லை. தடுக்குப்பேட்டை தாண்டியதும் அவர் என் சாப்பாட்டுப் பையின் வாய்க்கயிற்றில் இரண்டு கையையும் வைத்தார்.

"ஊரு வந்திருச்சி" என்றார் என்னிடம், மரியாதையாக.

அக்கா பதறித் தடுக்க வந்தாள். "விடுக்கா, அவுக்கட்டும்" என்றேன். அவர் பொறுமையாக அவிழ்த்தார். நான் மறுபடியும் கட்டிக் கொடுத்தேன். திருப்பதிக்குள் ஏழெட்டுத் தடவை. அவள் ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கிவிட்டாள். மறுநாள் பழையபடி பை வைத்து இடம் பிடித்தேன்.

போட்டி முடிவு பங்குனியில் வந்தது. அவள் பெயர் இல்லை. "வேற எங்கியாச்சும் அனுப்பறேன். ஆயிடும்" என்றாள். நான் படித்துப் பார்க்கிறேன், கொடு என்றேன். "இன்னும் கொஞ்சம் பாக்கி கெடக்குது" என்றாள். அனுப்பிய நாவலில் என்ன பாக்கி என்று நானும் கேட்கவில்லை.

அதன்பின் எனக்கு நகரியிலேயே ஒரு லேபில் வேலை கிடைத்தது. ரயில் விட்டுப்போயிற்று, ரயில் சிநேகிதமும் போனில் ஒன்றிரண்டு வார்த்தையாகத் தேய்ந்தது. அவள் நைனா போன செய்தி எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. துக்கம் கேட்கக் கிளம்பிக்கொண்டே இருந்தேன். அதற்குள் அவளே ஒருநாள் மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

பையிலிருந்து மஞ்சள் ஸ்வெட்டரை எடுத்தாள். "தங்கச்சி பொண்ணுக்கு. இப்போ நாலு வயசாச்சில்ல? அந்த அளவுக்குப் போட்டேன்."

பட்டன்கூடத் தைத்திருந்தது. அதே நாலு பட்டன். விரித்துப் பார்த்தேன். அடியோரத்தில் ஊக்கு.

"முடி போடலியாக்கா?"

"நீயே போட்டுக்கோ. என்னால ஆவல" என்றாள். "கடசி அன்னிக்கி நுனியக் கையில கொடுத்தேம்மா. இழுக்கல. சும்மா புடிச்சிக்கினு இருந்தாரு. அப்பவே தெரிஞ்சிபோச்சி."

"எழுதறியா?"

"நேரம் நெறைய கெடக்குது. உக்கார்றேன். எதிர்ல ஆளு இல்லாம ஒரு வரி வர்ல." ஸ்வெட்டர் கையை நீவிவிட்டாள். "இப்போ எதப் போட்டாலும் காலையில எழுந்து பாத்தா அப்படியே கெடக்குது. வெச்ச அளவு வெச்ச மாதிரியே. அதப் பாக்கத்தாம்மா முடியல."

உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தேன். எதிரெதிரே உட்கார்ந்து குடித்தோம். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். பழக்கத்தில் எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு சொட்டு இல்லை.

என் டம்ளரில் இருந்ததில் பாதியை அவளுடையதில் ஊற்றினேன்.

"இதையாவது மிச்சம் வையிக்கா" என்றேன்.